அரிய தீவை 15 வினாடியில் பிடிக்க முடியுமா? ‘நரி–வேட்டைநாய்’ மென்பொருளை ஏன் இவ்வளவு சோதிக்கிறார்கள்?

பத்து காவானில் ஓர் அடுக்குமாடி வீடு. பால்கனியில் ஒரு கம்பி ஆண்டெனா, மேசையில் ஒரு சின்ன ரேடியோ, ஒரு மடிக்கணினி. இதை வைத்துக்கொண்டு பசிபிக் நடுவே ஆளே இல்லாத தீவில் முகாமிட்டிருப்பவர்களைத் தொடர்புகொள்ள முடியுமா? நேரம் சரியாக அமைந்தால் முடியும். ஆனால், அந்தத் தீவுக்காக அதே நொடியில் ஆயிரக்கணக்கானோர் காத்திருப்பார்கள். அங்கேதான் மென்பொருள் வருகிறது.

அமெச்சூர் ரேடியோ, அதாவது ‘ஹேம்’ உலகில் 340 நாடுகளும் பிரதேசங்களும் கொண்ட ஒரு பட்டியல் உண்டு. அத்தனையையும் தொட்டுவிட வேண்டும் என்பது பலரின் வாழ்நாள் ஆசை. யாரும் குடியிருக்காத தீவுகள்தான் கிடைக்காத சரக்கு. பல வருடங்களுக்கு ஒருமுறை ஒரு குழு அனுமதி வாங்கி, கப்பலேறிப் போய், சில நாள் ஒலிபரப்பிவிட்டுத் திரும்பும். தவறவிட்டால் அடுத்த வாய்ப்பு எப்போது என்று யாருக்கும் தெரியாது.

இப்போது இந்தக் குழுக்கள் அதிகம் நம்பியிருப்பது எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறையை. 2017-இல் வெளியான இதை உருவாக்கியவர்கள் ஸ்டீவ் ஃபிராங்கும் ஜோ டெய்லரும். டெய்லர் யார் தெரியுமா? பல்சர் ஆய்வுக்காக 1993-இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். விண்வெளியிலிருந்து வரும் மெல்லிய சமிக்ஞைகளைத் தேடியவருக்கு இது பழக்கப்பட்ட வேலைதான்.

ஒவ்வொரு செய்திக்கும் 15 வினாடி. அதில் அழைப்புக் குறி, இருக்கும் இடம், சமிக்ஞையின் பலம் மட்டும்தான் போகும். இடத்தை நான்கு எழுத்தில் சுருக்கிவிடுவார்கள். பத்து காவானுக்கு அது ‘ஓஜே05’. குரலுக்கு 2,500 ஹெர்ட்ஸ் போல அகலம் தேவை, இதற்கு 50 போதும். இரைச்சலின் சக்தியில் நூறில் ஒரு பங்கு பலம் இருந்தாலே செய்தியைப் பிரித்தெடுத்துவிடும். எல்இடி விளக்கு, சார்ஜர், லிஃப்ட் என்று எல்லாமே இரைச்சல் கிளப்பும் அடுக்குமாடியில் இது பெரிய வரம்.

சரி, ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் அழைத்தால்? அதற்காக டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் என்ற இலவச மென்பொருளில் 2018-இல் வந்ததுதான் ‘நரி–வேட்டைநாய்’ முறை. தீவில் இருப்பவர் நரி, துரத்தும் நாமெல்லாம் வேட்டைநாய். நாய்கள் 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலே நின்று அழைக்க வேண்டும். நரி பதில் சொன்னதும், உங்கள் மென்பொருளே உங்களைக் கீழே நரியின் பக்கம் இறக்கிவிடும். நரி ஒரே நேரத்தில் ஐந்து பேருக்குப் பதில் அனுப்பலாம்.

இதைக் கணினியில் மட்டும் சோதித்தால் போதாது. வானிலை போல மாறும் அயன மண்டலம், சில வினாடி தவறி ஓடும் கடிகாரம், விதியைப் படிக்காமலே அழைக்கும் மனிதர்கள் (எங்கும் உண்டு!), இவையெல்லாம் ஆய்வுக்கூடத்தில் கிடைக்காது. அதனால் 2018 மார்ச்சில், பொதுமக்களையே நாய்களாக அழைத்து, பொய் நரிகளை நிறுத்தி ஒத்திகை பார்த்தார்கள். அதே ஆண்டு ஜூன் இறுதியில் பேக்கர் தீவுக்குப் போன குழு இதை நிஜக் களத்தில் பயன்படுத்தியது. தீவில் இறங்கிய பிறகு மென்பொருள் கோளாறு தெரிந்தால், அங்கே இருப்பதே சில நாள்தான்.

இந்த முறைக்கு ஒரு பலவீனமும் இருந்தது. 100 வாட் ரேடியோவில் ஐந்து செய்தியைச் சேர்த்து அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 4 வாட்தான். 2024-இல் வந்த ‘சூப்பர்ஃபாக்ஸ்’ அதைத் தீர்த்தது: ஒரே அகலமான சமிக்ஞையில் ஒன்பது பேர் வரை, சக்தி குறையாமல். கூடவே டிஜிட்டல் கையொப்பமும் உண்டு. தீவின் அழைப்புக் குறியைத் திருடி, வீட்டிலிருந்தபடியே நரி வேஷம் போடும் ஆட்கள் இருக்கிறார்கள். கையொப்பம் சரியாக இருந்தால் உங்கள் திரையிலேயே தெரிந்துவிடும். என்னைக் கேட்டால், வேகத்தைவிட இதுதான் முக்கியமான மாற்றம்.

ஆனாலும் இது உரையாடல் இல்லை. எஃப்டி8-இல் சொந்தமாக எழுத 13 எழுத்துருக்களுக்குத்தான் இடம். 2004 டிசம்பரில், அப்போது அரிய இடமாக இருந்த அந்தமானில் இந்தியாவின் பாரதி பிரசாத் குழுவினர் ஒலிபரப்பிக்கொண்டிருந்தார்கள். 26-ஆம் தேதி சுனாமி அடித்தது. நம் பினாங்கிலும் உயிர்களைப் பறித்த அதே அலைதான். போர்ட் பிளேர் இங்கிருந்து சுமார் 1,100 கிலோமீட்டர். அரிய நிலையமாக இருந்தது அன்றே அவசரத் தொடர்பு நிலையமாக மாறியது. யார் உயிரோடு இருக்கிறார்கள், எங்கே உதவி வேண்டும் என்றெல்லாம் சொல்வதற்கு அங்கே குரல் தேவைப்பட்டது.

முயற்சி செய்து பார்க்க ஆசையா? அழைக்க வேண்டும் என்றால் எம்சிஎம்சி நடத்தும் தேர்வில் தேறி உரிமம் வாங்க வேண்டும். தீபகற்ப மலேசியாவின் குறிகள் 9எம்2, 9டபிள்யூ2 என்று தொடங்கும். எந்த அலைவரிசைக்கு அனுமதி என்பது உரிமத்தின் வகுப்பைப் பொறுத்தது. அதுவரை, நெதர்லாந்தின் டுவென்டே பல்கலைக்கழகத்தில் உள்ள இணைய ரிசீவரைத் திறந்து 14.074 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். அந்த ஒலியைக் கணினிக்குள்ளேயே டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸுக்குத் திருப்பிவிட்டால், 15 வினாடிக்கு ஒருமுறை அழைப்புக் குறிகள் வரிசையாக வந்து விழும். ஒன்றுமே வரவில்லையா? முதலில் கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள். சில வினாடி தள்ளிப்போயிருந்தாலே திரை காலியாகத்தான் இருக்கும்.