ஸ்பாடைனாவின் இருமுனைப் போட்டி

டொராண்டோ நகரின் நடுவே ஒன்ராறியோ ஏரியை நோக்கி இறங்கும் அகன்ற சாலை ஸ்பாடைனா. அதைச் சுற்றியுள்ள பகுதி கனடா நாடாளுமன்றத் தொகுதியாக நீண்டகாலம் இருந்துவருகிறது. எல்லையும் பெயரும்தான் அடிக்கடி மாறின. 1988 தேர்தல் முதல் 2015 வரை அதன் பெயர் டிரினிட்டி-ஸ்பாடைனா. கென்சிங்டன் சந்தை, சைனாடவுன், டொராண்டோ பல்கலைக்கழகம், ஏரிக்குள் கிடக்கும் தீவுகள் ஆகிய அனைத்தும் அதற்குள் அடங்கின. லிபரல் கட்சியும் அதற்கு இடப்பக்கம் நிற்கும் புதிய ஜனநாயகக் கட்சியும் இங்கே முட்டிமோதும். கன்சர்வேட்டிவ் வேட்பாளர் பெரும்பாலும் மூன்றாமவர். ஆனாலும் அந்தக் கட்சியைப் பற்றிய அச்சம் இங்கே பல தேர்தல்களில் வேலை செய்திருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஸ்பாடைனா ஆயத்த ஆடைத் தொழிலின் தெரு. தையல்கூடங்களில் உழைத்த யூதக் குடியேறிகளும் அவர்களுடைய தொழிற்சங்கங்களும் தொகுதியின் குணத்தை வகுத்தன. 1945 முதல் 1955 வரை இதன் உறுப்பினராக இருந்த டேவிட் குரோல் லிபரல் கட்சிக்காரர்தான். ஆனால் 1937-இல் ஓஷாவா ஜெனரல் மோட்டார்ஸ் வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் பக்கம் நின்று ஒன்ராறியோ அமைச்சர் பதவியை இழந்தவர். உழைப்பாளர் வாக்கு லிபரல் பெட்டியில் ஏன் விழுந்தது என்பதற்கு அவரே பாதி விடை. பின்னர் யூதக் குடும்பங்கள் வடக்கே நகர, போர்த்துக்கீசியர், இத்தாலியர், சீனர் வந்து குடியேறினர். இப்பகுதியைப் பிளந்து செல்லவிருந்த ஸ்பாடைனா விரைவுச்சாலை, குடியிருப்பாளர்களின் நீண்ட எதிர்ப்புக்குப் பின் 1971-இல் கைவிடப்பட்டது. நகரசபை அரசியலில் ஒரு தலைமுறையையே அந்தப் போராட்டம் உருவாக்கியது.

லிபரல் பிடி தளர்ந்தது 1981 ஆகஸ்டில். பிரதமர் பியேர் ட்ரூடோவின் முதன்மைச் செயலாளர் ஜிம் கவுட்ஸ் நாடாளுமன்றத்துக்குள் வருவதற்கு ஓர் இடம் தேவைப்பட்டது. இருந்த உறுப்பினர் பீட்டர் ஸ்டாலரி செனட்டுக்கு அனுப்பப்பட்டார், இடைத்தேர்தல் வந்தது. எதிரே நின்றவர் டான் ஹீப்: ஆங்கிலிக்கன் பாதிரியார், அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் கூலிவேலை பார்த்தவர், நகரசபை உறுப்பினர். மிகக் குறைந்த வித்தியாசத்தில் ஹீப் வென்றார். கேட்காமலே திணிக்கப்பட்ட இடைத்தேர்தலை வாக்காளர் ரசிக்கவில்லை என்றுதான் அந்த முடிவைப் படிக்க முடிகிறது. 1984-இல் கன்சர்வேட்டிவ் கட்சி நாடெங்கும் 211 இடங்களை வாரிக்கொண்டபோதும், 1988-இலும், ஹீப் அசையவில்லை.

அவர் ஓய்வுபெற்ற 1993-இல் லிபரல் அலை ஒன்ராறியோவின் 99 இடங்களில் 98-ஐ அள்ளியது. டிரினிட்டி-ஸ்பாடைனா டோனி ஐயானோவிடம் போனது. ஹீப்பின் அலுவலகத்தில் பணியாற்றி, பின் மாநகர அரசியலில் பெயர் எடுத்த ஒலிவியா சௌ 1997-இல் ஐயானோவை எதிர்த்துத் தோற்றார். ஹாங்காங்கில் பிறந்து பதின்மூன்று வயதில் கனடா வந்தவர் சௌ. 2004 ஜூன் 28-இல் மீண்டும் நின்றார். 805 வாக்கில் தோற்றார். அப்போது அவருடைய கணவர் ஜாக் லேட்டன் புதிய ஜனநாயகக் கட்சியின் தலைவர். பிரசாரத்தின் கடைசி நாட்களில் லிபரல் தலைவர் பால் மார்ட்டின், இடதுசாரி வாக்கு பிரிந்தால் கன்சர்வேட்டிவ் தலைவர் ஸ்டீபன் ஹார்ப்பர் ஆட்சிக்கு வந்துவிடுவார் என்று எச்சரித்திருந்தார். அதிக வாக்கு பெற்றவரே வெல்லும் முறையில் இந்த எச்சரிக்கைக்கு வலு உண்டு. ஆனால் ஸ்பாடைனாவில் அதற்குத் தருக்கமே இல்லை: வென்றது யாராயினும் அவர் கன்சர்வேட்டிவ் ஆகப்போவதில்லை.

அடுத்த தேர்தல் 2006 ஜனவரி 23-இல் வந்தது. விளம்பர ஒப்பந்த ஊழல் லிபரல் கட்சியின் மதிப்பைக் குலைத்திருந்தது. கோடையில் கலைந்து போகும் மாணவர்கள் இம்முறை வகுப்பு நாட்களில் வளாகத்தில் இருந்தார்கள். அதுவும் ஒரு காரணம் என்று சொல்ல இடமுண்டு. நகரசபைப் பதவியைத் துறந்து நின்ற சௌ 3,600-க்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். கணவனும் மனைவியும் ஒரே அவையில் அமர்ந்தார்கள். 2008-இலும் 2011-இலும் சௌவை எதிர்த்தவர் ஐயானோவின் மனைவி கிறிஸ்டின் இன்னிஸ். 2011-இல் வித்தியாசம் ஏறத்தாழ 20,000. புதிய ஜனநாயகக் கட்சி 103 இடங்களுடன் முதன்முறையாக அதிகாரபூர்வ எதிர்க்கட்சி ஆன தேர்தல் அது. நகரின் கிழக்கே ஸ்கார்பரோவில் ராதிகா சிற்சபைஈசன் அக்கட்சி சார்பில் வென்று கனடாவின் முதல் தமிழ் எம்.பி. ஆனதும் அதே இரவில்தான். ஆகஸ்டில் லேட்டன் புற்றுநோயால் இறந்தார்.

2014-இல் மேயர் பதவிக்குப் போட்டியிடுவதற்காக சௌ விலகினார். ஜூன் 30 இடைத்தேர்தலில் லிபரல் கட்சி நிறுத்தியது ஆடம் வானை. விரைவுச்சாலை எதிர்ப்பில் முன்நின்ற காலின் வானின் மகன், நகரசபையில் கட்சி சாராத முற்போக்காளர் என்று அறியப்பட்டவர். எதிராளியின் அடித்தளத்திலிருந்தே ஒருவரை எடுத்து நிறுத்தியது கெட்டிக்காரத்தனம். சௌவின் இடத்துக்குப் புதிய ஜனநாயகக் கட்சி நிறுத்திய ஜோ கிரெஸியைத் தோற்கடித்து, பதிவான வாக்கில் பாதிக்கு மேல் வான் பெற்றார்.

இதற்குள் தொகுதியின் உடலே மாறியிருந்தது. ஏரிக்கரையை ஒட்டிய பழைய ரயில் நிலத்தில் கண்ணாடி அடுக்குமாடிகள் முளைத்தன. வீட்டு முன்றிலில் பெயர்ப்பலகை நடுவதும் வாசல் வாசலாகப் பேசுவதும் கீழே உள்ள பூட்டிய கதவோடு நின்றுவிட்டன. அடுக்குமாடிகளில் காலை 9 முதல் இரவு 9 வரை வேட்பாளரை உள்ளே விட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இருந்தாலும் லிஃப்டில் ஏறி நாற்பது மாடி நடப்பது சைனாடவுனில் கடை கடையாக ஏறி இறங்குவது போலாகாது. மக்கள் பெருகியதால் தொகுதியே பிரிக்கப்பட்டது: தெற்கே ஸ்பாடைனா-போர்ட் யார்க், வடக்கே யூனிவர்சிட்டி-ரோஸ்டேல்.

மேயர் தேர்தலில் தோற்ற சௌ 2015 அக்டோபரில் தெற்குத் தொகுதிக்குத் திரும்பினார். ஹார்ப்பரை வீழ்த்த வேண்டும் என்ற ஒரே எண்ணம் நகரமெங்கும் லிபரல் தலைவர் ஜஸ்டின் ட்ரூடோவின் பக்கம் சாய்ந்திருந்தது. 2004-இல் 805 வாக்கில் முடிந்த வாதம் இப்போது முழு எடையுடன் விழுந்தது. வான் பெற்ற வாக்குகளில் பாதிதான் சௌவுக்குக் கிடைத்தது. 2019-இலும் வானே வென்றார். சௌ 2023-இல் டொராண்டோவின் மேயரானார்.