முயல்களிடமிருந்து மீண்ட மைதானம்

கோல்ஃப் என்றால் பணக்காரர் விளையாட்டு என்றுதான் வகுப்பில் பல வருடம் சொல்லிவந்தேன். ஸ்காட்லாந்தில் மகன் வீட்டுக்குப் போனபோது செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸைப் பார்த்தேன். சொன்னதைத் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

அது கடலோர மணல்மேடு. பயிருக்கு ஆகாது. ஊர்க்காரர்கள் ஆடு மேய்த்தார்கள், துணி உலர்த்தினார்கள், பந்தும் அடித்தார்கள். நம் பேச்சில் சொன்னால் மந்தைவெளி. வில் பயிற்சி கெடுகிறதென்று 1457-இல் மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் காலத்தில் கோல்ஃபுக்குத் தடையே போட்டார்கள். (ஹெட்மாஸ்டர்கள் அன்றைக்கும் இருந்திருக்கிறார்கள்!) ஆனால் 1552-இல் பேராயர் ஹாமில்டன், அங்கே முயல் வளர்க்க அனுமதி வாங்கியபோது, மக்கள் விளையாடும் உரிமையை எழுத்திலேயே ஒப்புக்கொண்டார்.

வினை 1797-இல் வந்தது. கடனில் மூழ்கிய நகரசபை நிலத்தை விற்றுவிட்டது. அது கைமாறி முயல் வியாபாரிகளிடம் போனது. தரையெங்கும் முயல் வளை. பந்து உருள இடமில்லை. உரிமைப் பத்திரம் இருந்தும் இருபது வருடத்துக்கு மேல் கோர்ட்டும் கைகலப்புமாகப் போராடினார்கள். 1821-இல் ஜேம்ஸ் சீப் என்ற நிலக்கிழார் வாங்கிய பிறகே சண்டை ஓய்ந்தது. நகரசபை கைக்கு நிலம் திரும்பியது 1894-இல், பாராளுமன்றச் சட்டத்தின் மூலம். விற்று 97 வருடம் கழித்து! 1974 முதல் ஒரு அறக்கட்டளை நடத்துகிறது.

ஆட விரும்புவோருக்குக் குலுக்கல் உண்டு. மகன் பெயர் கொடுத்தான், விழவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டமே கிடையாது, அன்று ஊருக்கே பூங்கா. டிக்கெட் இல்லாமல் இருவரும் நடந்தே ஒரு சுற்று வந்தோம். கடைசிக் குழிக்குப் போகும் வழியில் ஸ்வில்கன் கல்பாலத்தில் போட்டோ எடுக்கக் கூட்டம். முயல் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.