அட்வான்ஸ் பணம் - ஒரு சிறு வரலாறு

ராஜபாளையமோ ஸ்ரீவில்லிபுத்தூரோ, வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர் வாடகைக்கு அடுத்து கேட்பது "அட்வான்ஸ் எவ்வளவு?" என்பதுதான். தகராறு வருவதோ வீட்டைக் காலி செய்யும்போது. வெள்ளையடிக்க இவ்வளவு, கரண்ட் பில் இவ்வளவு என்று கழித்தபிறகு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

இதற்குச் சட்டமே இல்லையா? இருந்தது. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் தமிழ்நாட்டின் நகராட்சிகளுக்கும் பொருந்தியது. அதன் 7-ஆவது பிரிவுப்படி ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது. கூடுதலாக வாங்கியிருந்தால் திருப்பித் தர வேண்டும், இல்லையேல் வாடகையில் கழிக்க வேண்டும்.

நடந்தது வேறு. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் சர்வசாதாரணம் ஆனது. வீட்டுக்காரருக்கு அது வட்டியில்லாக் கடன்! வீடு கிடைத்தால் போதும் என்றிருப்பவர் சட்டம் பேசுவாரா?

1996-இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு சொன்னது. பாக்கியை ஈடுகட்டும் அளவுக்குக் கூடுதல் அட்வான்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, வாடகை பாக்கி என்று கூறி ஒருவரை வெளியேற்ற முடியாது. கொடுத்ததற்கு ஆதாரம் வைத்திருந்தவருக்கு இது பெரிய பலம்.

22-2-2019 முதல் 2017-ஆம் ஆண்டின் புதிய சட்டம் வந்தது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகை. காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரிய பிடித்தம் போக மீதியைத் தர வேண்டும். ஆனால், ஒப்பந்தத்தில் வேறு தொகை எழுதிக்கொண்டால் மூன்று மாத வரம்பு நிற்காது.

பழைய சட்டத்தில் வரம்பு கறாராக இருந்தது, யாரும் மதிக்கவில்லை. புதிய சட்டத்தில் வரம்பைத் தளர்த்தும் பேனா குடியிருப்பவர் கையிலும் இருக்கிறது. படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டால் நஷ்டம் அவருக்குத்தான்.