மோட்டார் சைக்கிளும் வழிகாட்டி நூலும்

தொழிலறிவு என்பது நெடுங்காலமாக வாய்மொழியாகவே வழங்கி வந்தது. ஆசான் பட்டறையிலே செய்து காட்டுவான்; மாணாக்கன் அருகிலிருந்து கண்டு பழகுவான். பட்டறைக்கு வெளியே நின்றவனுக்கு அவ்வறிவு எட்டாக்கனியே. இந்நிலையை மாற்றியவற்றுள் மோட்டார் சைக்கிளும் ஒன்று. அதன் உள்ளமைப்பை ஓரளவேனும் அறிந்தாலன்றி, புறப்பட்டவன் வீடு திரும்புவது நிச்சயமில்லை என்ற காலம் ஒன்று இருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியத் தெருக்களில் ஓடிய மோட்டார் சைக்கிள்களை நினைத்துப் பார்ப்போம். பின்சக்கரத்தைச் சுழற்றும் வார்ப்பட்டி மழையிலே வழுக்கும். பிளக்கிலே கரி படியும். கரடுமுரடான பாதையில் டயர் அடிக்கடி காற்றுப் போகும். உதவிக்கு அழைக்கப் பக்கத்தில் கராஜ் இராது. 1902ஆம் ஆண்டில் 'மோட்டார் சைக்கிளிங்' என்ற இதழும், 1903ஆம் ஆண்டில் 'த மோட்டார் சைக்கிள்' என்ற இதழும் தோன்றின. இத்தகைய இதழ்களையொட்டிக் கையடக்கமான வழிகாட்டி நூல்களும் எழுந்தன.

முதலாம் உலகப் போருக்குப் பின்னர், கார் வாங்க வசதியற்ற தொழிலாளரும் எழுதுவினைஞரும் மோட்டார் சைக்கிள் வாங்கலாயினர். கராஜுக்குக் கூலி கொடுப்பது அவர்களுக்குப் பெருஞ்சுமை. சுருக்கெழுத்து நூல்களால் நம் நாட்டிலும் நன்கு அறியப்பட்ட பிட்மன் பதிப்பகத்தார், பீ.எஸ்.ஏ., ஏரியல், நோர்ட்டன் என ஒவ்வொரு வகை வண்டிக்கும் தனித்தனியே நூல் வெளியிட்டனர். அந்நூல்கள் கற்பித்த வேலைகளுள் முதன்மையானது கரி அகற்றல். அக்காலத்து எண்ணெயும் பெற்றோலும் எரிந்தபின் பிஸ்டனின் தலையிலும் சிலிண்டரின் மூடியிலும் கரியை விட்டுச் செல்லும். கரி தடித்தால் இயந்திரம் சூடேறித் தட்டும், இழுவை குறையும். சில ஆயிரம் மைலுக்கு ஒருமுறை மூடியைக் கழற்றி, கரியைச் சுரண்டி, வால்வுகளைத் தேய்த்துப் பொருத்தவேண்டும். புத்தகம் அருகில் இருந்தபடியால், விடுமுறை நாளில் வீட்டுக் கொட்டிலிலேயே இதனைச் செய்து முடித்தவர் பலர்.

பழுது நீக்குவது ஒன்று. வேகத்தைப் பெருக்குவது வேறொன்று. 1907இல் திறக்கப்பட்டு 1939இல் ஓட்டங்கள் நின்றுபோன புறூக்லண்ட்ஸ் பந்தயப் பாதையிலே, இயந்திரங்களை வேகத்துக்குப் பதப்படுத்தும் வல்லுநர் சிலர் இருந்தனர். அவர்களது அறிவே அவர்களது மூலதனம். அதனை எளிதில் வெளியிடமாட்டார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் நிலைமை மாறியது. 1947இல் மான் தீவின் புகழ்பெற்ற ரி.ரி. பந்தயங்களோடு, கடையில் விற்கும் வகை வண்டிகளுக்கென 'கிளப்மன்' பந்தயமும் சேர்க்கப்பட்டது. சாதாரண உரிமையாளனும் தன் வண்டியோடு அக்களத்தில் இறங்க வழி பிறந்தது. அவனுக்குத் தேவைப்பட்டது அறிவே.

அடுத்த ஆண்டிலே அவ்வறிவு நூலாக வந்தது. 'டியூனிங் போர் ஸ்பீட்', அதாவது 'வேகத்துக்கான சீரமைப்பு', என்பது அதன் பெயர். எழுதியவர் பிலிப் இர்விங் என்ற அவுஸ்திரேலியப் பொறியியலாளர். வின்சன்ட் நிறுவனத்தின் இரட்டைச் சிலிண்டர் இயந்திரத்தை வடிவமைத்தவர் அவர். 'ஸ்லைட் ரூல்' என்ற புனைபெயரில் இதழ்களிலும் எழுதியவர். பிற்காலத்தில் ஜாக் பிரபாமுக்கு 1966ஆம் ஆண்டின் உலகக் கார்ப்பந்தய வாகை கிட்டியபோது, அக்காரில் இருந்ததும் இர்விங் உருவாக்கிய இயந்திரமே. இத்தகைய ஒருவர் தொழிற்சாலைக்குள் இருந்த நுட்பங்களை எவரும் வாங்கிப் படிக்கும் நூலாக்கியது சிறிய செயலன்று.

வேகம் பெருக்கும் கலையிலே ஒன்றைத் தொட்டால் மற்றொன்று அசையும். சிலிண்டருக்குள் கலவையை மேலும் இறுக அழுத்தினால் வலிமை கூடும். ஆனால், போர்க்காலத்திலிருந்து 1953வரை பிரித்தானியாவில் கிடைத்த பொதுப் பெற்றோல் தரங்குறைந்தது. மிகுந்த அழுத்தத்தை அது தாங்காது. கலவை தானே வெடித்து, பிஸ்டனில் ஓட்டை விழும். காற்று புகும் வழியை விரித்தால் காபரேட்டரின் ஜெட்டையும் அதற்கேற்ப மாற்றவேண்டும். மாற்றாவிடில் கலவை வறண்டு வால்வு கருகும். ஆகவே வேகம் தேடுபவன் அரத்தை எடுக்குமுன் அளவுகோலை எடுக்கவேண்டும். இதனை மறந்தவன் இயந்திரத்தை மட்டுமல்ல, உயிரையும் இழக்கக்கூடும். வேகம் கூடியும் பிறேக் பழையதாகவே இருந்தால், அதன் விலையைச் செலுத்துபவன் ஓட்டுநனே.

இவ்வரலாற்றில் இலங்கைக்கும் ஒரு தொடர்புண்டு. 1938ஆம் ஆண்டில், இங்குள்ள தேயிலைத் தோட்டமொன்றை நிர்வகித்த ஆங்கிலேயர் ஒருவருக்கு மகனாக ஜோன் ஹெயின்ஸ் பிறந்தார். பின்னர் இங்கிலாந்திலே பள்ளி மாணவனாக இருக்கையில், பழைய ஒஸ்டின் 7 கார் ஒன்றைத் திருத்தி வேறு வடிவாக்கினார். செய்த முறையை 1956இல் சிறு நூலாக அச்சிட்டார். 250 படிகளும் பத்து நாட்களில் விற்றுப்போயின. விமானப்படையில் சேர்ந்து ஏடனில் பணியாற்றியபோது, 1965இல், நண்பர் ஒருவரின் காரை முற்றாகக் கழற்றி, ஒவ்வொரு படியையும் புகைப்படமாக்கி, மீண்டும் பொருத்தினார். அதிலிருந்து 1966இல் முதலாவது ஹெயின்ஸ் கைநூல் பிறந்தது. எழுதுபவன் தன் கையால் கழற்றிப் பொருத்தியபின்னரே எழுதவேண்டும் என்பது அதன் முறை. காரில் தொடங்கிய அம்முறை பின்னர் மோட்டார் சைக்கிளுக்கும் வந்தது. ஹெயின்ஸ் 2019இல் காலமானார்.

இன்றைய வண்டிகளில் எரிபொருளை அளந்து கொடுப்பதும் தீப்பொறியின் நேரத்தைக் குறிப்பதும் மின்னணுக் கருவிகள். பழைய கரி அகற்றல் ஏறக்குறைய மறைந்தேவிட்டது. ஆயினும் சங்கிலி தளர்கிறது, பிறேக் தேய்கிறது, எண்ணெய் கருக்கிறது. இவற்றைக் கவனிக்கும் கடமை உரிமையாளனிடமே இருக்கிறது.

நூல் கைக்குப் பழக்கத்தைத் தராது. இயந்திரத்தின் ஓசையில் குறை காணும் செவியையும் தராது. அவை செய்து செய்தே வரவேண்டும். ஆனால், 'இது உனக்கு விளங்காது' என்று மூடியிருந்த கதவை அது திறந்துவிட்டது. எண்ணெய்க் கறை படிந்த அப்பழைய நூல்களின் பக்கங்கள் அதற்குச் சான்று.