புதினாவுக்கு இரு பெயர்கள்

நாம் கறிக்கும் சம்பலுக்கும் கிள்ளிப் போடும் புதினாவுக்குப் பண்டைய கிரேக்க மொழியிலே இரண்டு பெயர்கள் வழங்கின. ஒன்று ‘மிந்தா’, மற்றையது ‘ஹேடியோஸ்மொன்’.

மிந்தா மிகப் பழையது. கி.மு. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மைசீனியக் களிமண் ஏடுகளிலே, சீரகம், கொத்தமல்லி முதலியவற்றின் கணக்கோடு இதுவும் எழுதப்பட்டிருக்கிறது. பின்னர் இப்பெயருக்கு ஒரு கதையும் வழங்கலாயிற்று. பாதாள உலகின் அரசன் மிந்தே என்பவளை விரும்பினான். அவன் மனைவி பேர்செபோனி அவளைக் காலால் மிதித்தாள்; மிதிபட்டவள் மணக்கும் செடியானாள். கசக்கக் கசக்க மணப்பது புதினாவின் இயல்பல்லவா? இக்கதையைத் தரும் புவியியலாளர் ஸ்ட்ராபோ, இச்செடியைச் சிலர் ஹேடியோஸ்மொன் என அழைப்பர் என்றும் குறிப்பிடுகிறார். ‘இனிய மணமுடையது’ என்பது அதன் பொருள். அந்த மணமே பழைய பெயரை மாற்றிவிட்டது என்று கி.பி. முதலாம் நூற்றாண்டில் உரோம அறிஞர் பிளினி எழுதினார்.

விவிலியத்தில் புதினா இரண்டே இடங்களில் வருகிறது: மத்தேயு 23:23, லூக்கா 11:42. இரண்டிலும் ஹேடியோஸ்மொன்தான், புராண வாடை இல்லாத வீட்டுப் பெயர். உபாகமம் தானியம், திராட்சரசம், எண்ணெய் ஆகியவற்றின் தசமபாகத்தைப் பேசுகிறது. பரிசேயரோ பாத்தியிலுள்ள புதினாவுக்கும் பத்திலொன்று கணக்கிட்டனர். இயேசு அதைத் தவறென்று சொல்லவில்லை. அதையும் விடாமல் இதையும் செய்யவேண்டும் என்கிறார். ‘இது’ எது? நீதி, இரக்கம், விசுவாசம். மத்தேயு இவற்றைப் ‘பாரமானவை’ என்ற பொருள்படும் சொல்லாற் குறிக்கிறார். ஒருபுறம் எடையே இல்லாத இலை. மறுபுறம் எடை மிகுந்த நீதி. இலையை எண்ணத் தெரிந்த கைக்கு அயலானின் துயர் தட்டுப்படவில்லை என்பதே கண்டனம். கேட்பவர் ஒவ்வொருவருக்கும் அந்த இலை தெரிந்திருந்ததாற்றான் அது சுட்டது.

தமிழில் என்ன நேர்ந்தது? பழைய மொழிபெயர்ப்பு ‘ஒற்தலாம்’ என்கிறது. போர்த்துக்கேயர் புதினாவுக்கு வழங்கிய ‘ஒர்த்தலாங்’ என்ற சொல்லின் தமிழ் வடிவம் இது. ‘தோட்டத்துக்குரியது’ என்பதே அதன் மூலப்பொருள். போர்த்துக்கேயச் சொற்கள் பழகியிருந்த காலத்தில் இது விளங்கியிருக்கும். அக்காலம் போனபின், வாசிப்பவருக்கு அது ஏதோ அரிய மூலிகையாயிற்று. கண்டனமும் தொலைதூரத்துப் பரிசேயருக்கு மட்டும் உரியதாயிற்று. பிந்திய மொழிபெயர்ப்புகள் பாரசீக வழிவந்த ‘புதினா’வையே எடுத்துக்கொண்டன. நம் அடுக்களைச் சொல் வந்ததும், கண்டனமும் நம் வாசலுக்கு வந்துவிட்டது.