விதைக்கு நிதி உண்டு, விதைத்தவருக்கு?

தோழர்களே, இயற்கை வேளாண்மை பற்றிப் பேசாத மேடை இன்று இல்லை. 2023இல் தமிழக அரசு அங்கக வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டது. 2024 நவம்பரில் ஒன்றிய அரசு தேசிய இயற்கை வேளாண்மை இயக்கத்துக்கு 2,481 கோடி ரூபாய் ஒப்புதல் அளித்தது. மண் காக்கப்பட வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வேளாண் ஆராய்ச்சிக்கு அரசுப் பணம் வருவது இது முதல் முறையல்ல. முன்பு வந்தபோதெல்லாம் அது யாரிடம் போனது என்பதை வரலாற்றில் தேடுவோம்.

சைதாப்பேட்டையிலிருந்து தொடங்கலாம். 1868இல் ஆங்கிலேய அரசு அங்கே வேளாண் பள்ளியை நிறுவியது. புதிய கலப்பை, புதிய பயிர், புதிய உரம் என்று சோதனைகள் நடந்தன. அந்தப் பள்ளிதான் 1906இல் கோவைக்கு மாறி, 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அதே சைதாப்பேட்டைதான் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் தலைநகரம். அம்மாவட்ட ஆட்சியர் திரெமென்ஹீர் 1891இல் பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை அளித்தார். உழுகிறவனுக்கு நிலம் இல்லை, தரிசு நிலம் கேட்டாலும் மிராசுதார்கள் தடுக்கிறார்கள், குடியிருக்கும் மனைகூட அவனுக்குச் சொந்தமில்லை என்று அதில் எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892இல் வந்த அரசாணைதான் பஞ்சமி நிலத்துக்கு அடிப்படை.

ஒரே ஊரில், ஒரே காலத்தில், ஒரே அரசிடம் இரண்டு அறிவு இருந்தது. ஒன்று பயிரைப் பற்றியது, மற்றொன்று பயிர் செய்பவரைப் பற்றியது. முதலாவது பல்கலைக்கழகமானது. இரண்டாவது தூசு படிந்த கோப்பானது. பஞ்சமி நிலத்தில் பெரும்பகுதி யார் கையில் இருக்கிறது என்பதை நாம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

இது தற்செயல் அல்ல. 1926இல் இந்திய வேளாண்மையை ஆராய ராயல் கமிஷன் அமைத்தபோது, நிலவுடைமை முறை பற்றிப் பரிந்துரை செய்வது கமிஷனின் வேலை அல்ல என்று அரசு எழுத்திலேயே விலக்கி வைத்தது. விதையைப் பேசலாம், மாட்டைப் பேசலாம், நிலம் யாருடையது என்று மட்டும் பேசக் கூடாது. அந்தக் கமிஷனின் பரிந்துரையில் 1929இல் பிறந்ததுதான் இன்றைய இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்.

பாபாசாகேப் இதற்கு நேர் எதிராகச் சிந்தித்தார். 1947இல் அவர் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' நூலில், வேளாண்மை அரசுத் தொழிலாக வேண்டும் என்றார். சாதி பார்க்காமல் கிராம மக்களுக்கு நிலம் பிரித்துத் தரப்பட வேண்டும். அதை அவர்கள் கூட்டாகப் பயிரிட வேண்டும். தண்ணீர், உழவு மாடு, கருவி, எரு, விதை ஆகியவற்றுக்கு அரசே நிதி தர வேண்டும். அவர் திட்டத்தில் அரசு நிதியும் நிலமும் சேர்ந்தே வருகின்றன. நம் அரசுகள் நிலத்தைக் கழற்றிவிட்டு நிதியை மட்டும் கொண்டுவந்தன.

அதன் விளைவைத் தஞ்சையில் கண்டோம். 1960-61இல் தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டம் தொடங்கியபோது, முதலில் தேர்வான மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியும் இருந்தது. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏடிடி 27 குறுவை வயல்களை நிரப்பியது. விளைச்சல் பெருகியபோது, நட்டவரும் அறுத்தவரும் கூலியில் கொஞ்சம் நெல் கூடுதலாகக் கேட்டார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பசுமைப் புரட்சி மண்ணைக் கெடுத்தது என்று இன்று பலரும் எழுதுகிறார்கள். அந்தப் பட்டியலில் வெண்மணியையும் சேர்த்து எழுதுவோர் எத்தனை பேர்?

அப்படியானால் பசுமைப் புரட்சிக்கு முந்தைய காலம் பொற்காலமா? அன்று பூச்சி மருந்து இல்லை, யூரியா இல்லை. ஆனால் பண்ணையாள் முறை இருந்தது. சாணிப்பாலும் சவுக்கடியும் இருந்தன. இன்று சாணத்தையும் கோமியத்தையும் கரைத்து மண்ணுக்கு அமுதம் என்கிறார்கள். தஞ்சையில் நம் தாத்தாக்களுக்கு அதே சாணத்தைக் கரைத்துத் தண்டனையாகப் புகட்டினார்கள். 'முன்னோர் வேளாண்மைக்குத் திரும்புவோம்' என்ற அழைப்பைக் கேட்டவுடன் கைதட்ட நம்மால் முடியாததற்கு இதுதான் காரணம்.

ரசாயனத்தையும் நாம் ஆதரிக்கவில்லை. 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பூச்சிமருந்து தெளித்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் கூலிக்குத் தெளித்த தொழிலாளர்களும் இருந்தார்கள். நஞ்சில்லாத வேளாண்மை முதலில் தேவைப்படுவது நமக்குத்தான்.

வேறு வழி இருந்ததா? இருந்தது. தெலங்கானாவின் ஜஹீராபாத் பகுதியில், பெரும்பாலும் தலித் பெண்களைக் கொண்ட சங்கங்கள், தக்காணி வளர்ச்சிச் சங்கத்துடன் சேர்ந்து தரிசாகக் கிடந்த நிலங்களில் சோளமும் சிறுதானியமும் விளைவித்தன. 1990களின் நடுவில் ஒன்றிய ஊரக வளர்ச்சித் துறையின் நிதி அதற்குக் கிடைத்தது. விளைந்த தானியம் ஊர்ப் பொதுக் களஞ்சியத்துக்குப் போய், ஏழை வீடுகளுக்குக் குறைந்த விலையில் திரும்பியது. எந்த விதையைச் சேமிப்பது என்று அந்தப் பெண்களே முடிவு செய்தார்கள். 2019இல் ஐ.நா.வின் ஈக்குவேட்டர் விருது அவர்களைத் தேடி வந்தது. பணம் உழைப்பவர் கைக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது சாட்சி.

இன்றைய கணக்கைப் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் நாம் பயிரிடும் நிலப்பரப்போ 9 விழுக்காட்டுக்கும் குறைவு. அரசின் ஏட்டில் 'விவசாயி' என்றால் பெரும்பாலும் நிலப்பதிவு உள்ளவர்தான். பி.எம். கிசான் பணம் நிலம் உள்ள குடும்பத்துக்குத்தான் வருகிறது. களைக்கொல்லி வேண்டாம் என்றால் கையால் களை எடுக்க வேண்டும். குனிந்து எடுக்கப் போகிறவர் நம் சேரிப் பெண். அவர் முதுகுவலிக்கும் கூலிக்கும் எந்தத் திட்டத்தில் இடம் இருக்கிறது?

மாணவர்களே, உங்களுக்கு வேலை இருக்கிறது. வேளாண் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் பட்டியல் சாதியினர் துணைத்திட்ட நிதி வருகிறது. அது எவ்வளவு, யாருக்கு, எதற்குச் செலவானது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். நிலமற்றவர் குழுவாகக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிட இயற்கை வேளாண்மை நிதியில் இடம் கேளுங்கள். உங்கள் ஊரில் பஞ்சமி நிலம் எங்கே என்று பழைய ஆவணங்களில் தேடுங்கள்.

1891இல் சைதாப்பேட்டையில் எழுதப்பட்ட அந்த அறிக்கை இன்னும் முடிக்கப்படாத ஆராய்ச்சி. அதை நாம் முடிப்போம்.

ஜெய்பீம்!