மண்விளக்கு கூறும் வரலாறு

விளாத்திகுளம் வட்டாரத்தில் உழும்போது கிளம்பும் ஓட்டுச் சில்லுகளை நாம் வரப்போரம் எறிந்துவிடுகிறோம். சில்லும் வரலாறு கூறும் என்பதற்கு அரிக்கமேடு சான்றாகும். 1945இல் மார்டிமர் வீலர் அகழ்ந்த அவ்வூரில் கிடைத்த உரோமானியப் பொருள்களுள் சுடுமண் விளக்கும் ஒன்று.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில், உரோமர் ஆட்சிக்குட்பட்ட கிரேக்கத்தின் கொரிந்து நகரக் குயவர் மேற்பாதியையும் கீழ்ப்பாதியையும் தனித்தனி அச்சில் அழுத்தி இணைத்து விளக்குகள் செய்தனர். மேல்வட்டத்தில் மனித, விலங்கு உருவங்களை அமைத்தனர். அடியில் தம் பெயரைப் பொறித்தனர். அவை ஜைத்தூன் எண்ணெயில் எரிந்தன. யவனர் செய்த பாவை விளக்கை நெடுநல்வாடையும் குறிப்பிடுகிறது.

நாணயம் பல கை மாறிச் செல்வது. அது கிடைத்த இடமெல்லாம் உரோமர் வாழ்ந்தனர் எனக் கொள்ளவியலாது. மலிவான மண்விளக்கோ பெருவணிகச் சரக்கன்று. இரவில் ஏற்றுவதற்கென ஒருவர் தம்முடன் கொண்டுவந்தது எனக் கருத இடமுண்டு. வணிகத்தை நாணயம் காட்டுகிறது. மனிதரை விளக்கு காட்டுகிறது.

கொற்கையின் முத்துக்குளிப்பைக் கி.பி. முதல் நூற்றாண்டின் பெரிப்ளூஸ் நூல் குறிக்கிறது. அக்கொற்கை நமக்குத் தொலைவன்று. எனவே, இனி ஒரு சில்லைக் கண்டால் எறியாது, கண்ட இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறையினர்க்கு அறிவிப்போமாக!